நாற்பத்தைந்து பச்சை நாட்கள்

ஏப்ரல் 6

இன்று காலை ஒன்பதரைக்கு ஏழாம் எண் மிதவை சிவப்பாகிவிட்டது. மிதவை என்னவோ எப்போதும் போல மஞ்சளாகத்தான் கொக்குத்தீவுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. சிவப்பானது சென்னைத் தலைமையகத்தின் சுவரில் உள்ள திரையில். அங்கே ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு புள்ளி. ஒழுங்காக இருந்தால் பச்சை, பழுது என்றால் சிவப்பு.

சாரங்கன் சார் போனில் கூப்பிட்டார். திட்டத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான். கடல்நீர் வெப்பம் 32.1 என்று மிதவை அனுப்புகிறதாம். முப்பது வருடக் கணக்குப்படி இந்தக் கடல் 31-ஐத் தாண்டக் கூடாதாம். ஆகவே 31-க்கு மேல் எது வந்தாலும் பழுது என்று கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சென்ஸாரை மாற்றிவிடுங்கள் பாண்டி என்றார். மாற்றுகிறேன் சார் என்றேன். ஒன்பது வருடமாக நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்.

பழுதுப் பதிவேட்டில் எழுத முடியாததை எழுத இந்த நோட்டு. என் முழுப்பெயர் சௌந்திரபாண்டி. ஊர் அருப்புக்கோட்டை. இந்தக் கடல் ஆய்வு நிலையத்தின் ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளன். வேறு பணியாளர் யாரும் நிலையத்தில் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. வேலைக்கு எடுத்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

நிலையத்துக்கு வாடகைக்கு வரும் நம்புவேலின் ஃபைபர் படகில் போய் சென்ஸாரை மாற்றினேன். சூரியத் தகட்டின் மேல் நீர்க்காகங்கள் வழக்கம் போல மரியாதை செய்து வைத்திருந்தன. அதைக் கழுவவே அரை மணி நேரம். கேபிளில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டியதில் கட்டைவிரலில் வெட்டு.

புது சென்ஸார் காட்டியது 32.2.

படகில் நம்புவேலின் அக்கா ராக்கம்மாளும் வந்திருந்தார்; எல்லோருக்கும் அவர் ராக்கக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் நீர்புகாத கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிக் கடல்பாசி எடுக்கிற வேலை. போகிற வழியில் அவரை இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொள்வோம். இன்று சீக்கிரமே ஏறிவிட்டார். தண்ணீர் வடிகஞ்சி மாதிரி சுடுகிறது என்றார். கண்ணாடியை என்னிடம் நீட்டி, தலையை மட்டும் உள்ளே விட்டு ஒரு தடவை பாருங்கள் சார் என்றார். கட்டைவிரலில் வெட்டு இருந்ததால் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9

இரண்டாவது புது சென்ஸாரும் போட்டாயிற்று. 32.3. பழையது ஒன்று, புதியது இரண்டு, மூன்றும் ஒரே பேச்சு. இதைச் சொன்னால் சாரங்கன் சார் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மூணுமே பழுது" என்றார்.

மீன் எண்ணுவதற்காக மதுரையிலிருந்து இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் வந்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. கையேட்டில் விதி 14: மிதவை சிவப்பில் இருக்கும்போது அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பராமரிப்பைத் தவிர வேறு எந்தப் பணியும் நடக்கக் கூடாது. மிதவை சாட்சி சொல்லாத இடத்தில் எண்ணிய மீன் கணக்கில் வராதாம். விதியை எழுதியவர் எங்கள் இயக்குநர். அதை அவர் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் பேருந்து நிலையத்தில் பஜ்ஜி தின்றுவிட்டு ஊருக்குப் போனார்கள்.

ஏப்ரல் 11

மருந்துக் கடையில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போய்க் கடலில் முக்கினேன். அது 35-க்குக் கீழே காட்டாது என்பது முக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. எப்படியோ, கடலுக்குக் காய்ச்சல் இல்லை என்று அந்த அளவில் உறுதியானது.

ஏப்ரல் 13

தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. ஒப்பந்தப் பணியாளர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: அவரவர் பொறுப்பில் உள்ள மிதவை தொடர்ந்து நாற்பத்தைந்து நாள் பச்சையில் இருக்க வேண்டும். ஜூன் 5-ஆம் தேதிக்குள் முடித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு நாள் சிவப்பானாலும் மறுபடி முதலிலிருந்து. அடுத்த வாய்ப்பு எப்போது என்று அறிக்கையில் சொல்லவில்லை. போன வாய்ப்பு ஆறு வருடத்துக்கு முன் வந்தது. அப்போது நங்கூரச் சங்கிலி அறுந்து மிதவை இலங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஊரிலிருந்து என் மனைவி கற்பகவல்லி போனில் பாயசம் வைத்ததைச் சொன்னாள். நிரந்தரம் பற்றிச் சொன்னேன். அப்படியானால் மாற்றல் கேட்டு ஊர்ப் பக்கம் வந்துவிடலாம் இல்லையா என்று கேட்டாள். அருப்புக்கோட்டையில் கடல் இல்லை என்று நான் சொல்லவில்லை. வந்துவிடலாம் என்றேன்.

ஏப்ரல் 16

32.4. சிவப்பு.

ஏப்ரல் 17

32.4. சிவப்பு. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கிறது.

ஏப்ரல் 19

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கேபிளைச் சுத்தம் செய்வதற்காக சென்ஸாரை மேலே இழுத்தேன். வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும் என்று, நம்புவேல் மீனுக்காக வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் அதைக் கனத்த சாக்கில் சுற்றிப் போட்டு மூடினேன். பெட்டியில் பாதி ஐஸ், பாதி உருகிய தண்ணீர், ஓரத்தில் நாலு சங்கரா மீன். கேபிள் சுரண்டி முடிய நாற்பது நிமிடம் ஆனது. போன் அடித்தது.

சாரங்கன் சார் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. மிதவை பச்சைக்கு வந்துவிட்டதாம். 27.8 காட்டுகிறதாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

துடைத்தேன் என்றேன்.

அது பொய் இல்லை. துடைக்கத்தான் செய்தேன்.

ஏப்ரல் 20

மிதவையின் இரும்புச் சட்டத்துக்குள் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியைக் கட்டி வைத்தேன். அடியில் ஐஸ் கட்டி, அதன் மேல் மடித்த சாக்கு, சாக்கின் மேல் கடல்நீர் நிரம்பிய ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் சென்ஸார். பார்த்த மாத்திரத்தில் ஏதோ கருவியின் பாகம் போலத்தான் தெரிகிறது. இது தற்காலிக ஏற்பாடு. காற்று வந்து கடல் தானாக ஆறியதும் எடுத்துவிடுவேன்.

முதல் மணி நேரத்தில் 6.2 டிகிரி காட்டியது. சாக்கு போதவில்லை. சாரங்கன் சார் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். அடியிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஏதாவது மேலே வந்திருக்குமோ என்று கேட்டார். வந்திருக்கலாம் சார் என்றேன். இரண்டு சாக்கு கூடப் போட்டதும் 28.4-க்கு வந்தது.

பச்சை. முதல் நாள்.

ஏப்ரல் 22

அலுவலகத்துக்கு 28.9. வெறும் கடல் 32.5. இரண்டாவது எண்ணை முதல் நாளிலிருந்தே தினமும் பழைய சென்ஸாரைக் கொண்டு அளந்து இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஐஸ் கம்பெனி மரைக்காயரிடம் பேசிவிட்டேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஐஸ் கேட்க ஆள் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறார். தினம் ஒரு கட்டி எடுத்துப்போங்கள், உங்களுக்கும் உபயோகம், எனக்கும் இடம் காலி என்றார். அதிகாரி மீன் வியாபாரம் தொடங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதைவிடக் கேவலம்.

ஏப்ரல் 27

எட்டாம் நாள். அலுவலகத்துக்கு 29.0. கடல் 32.6.

இப்போது எனக்குக் கை பழகிவிட்டது. ஒரு மடிப்புச் சாக்கு கூட்டினால் ஒரு டிகிரி ஏறும். மரத்தூள் ஒரு படி போட்டால் மறுநாள் காலைவரை நிலையாக நிற்கும். ஒன்பது வருடத்தில் இந்த மிதவைக்காக நான் இவ்வளவு நுட்பமாக வேலை செய்ததில்லை. பெருமைப்படக் கூடாது என்று தெரியும். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

நம்புவேல் ஒன்றும் கேட்பதில்லை. ஐஸ் கட்டியின் ஒரு முனையை அவர் பிடிக்கிறார், மறுமுனையை நான் பிடிக்கிறேன். இன்று மட்டும் கரைக்குத் திரும்பும்போது கேட்டார்.

"சார், கடலு சூடா இருக்குன்னு அந்த மெசினு சொல்லுது. அதுக்கு நம்ம கடலுக்கு வைத்தியம் பாக்கணுமா, மெசினுக்குப் பாக்கணுமா?"

எனக்கு மிதவை மட்டும்தான் பொறுப்பு என்று விளக்கினேன். சரிதான் சார் என்றார்.

மே 3

பதினான்காம் நாள். ராக்கக்கா இன்று பாசி எடுக்காமலே ஏறிவிட்டார். பார் முழுக்க வெளுத்துவிட்டது என்றார். பவளப்பாறையை இங்கே பார் என்றுதான் சொல்கிறார்கள். மான்கொம்பு மாதிரிக் கிளைத்து நிற்பது, மூளை மாதிரி உருண்டு கிடப்பது, எல்லாம் வெள்ளை. இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது, தண்ணீர் சீக்கிரம் ஆறினால் பிழைக்கும் என்றார். கண்ணாடியை மறுபடி நீட்டினார். எனக்கு மூக்கு அடைத்திருந்தது.

மே 9

இருபதாம் நாள். கற்பகவல்லி காலண்டரில் தினமும் பச்சைப் பென்சிலால் கட்டம் அடிக்கிறாளாம். கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

மே 12

சாரங்கன் சார் கட்டுரை எழுதியிருக்கிறார். சுற்றியுள்ள தீவுகளில் எல்லாம் கடல் கொதிக்கிறது. கொக்குத்தீவில் மட்டும் 29. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதால் இந்த இடம் பவளங்களுக்குக் குளிர் புகலிடம் என்று நிரூபித்திருக்கிறார். வரைபடத்தில் ஒரு நீல அம்பு கடலடியிலிருந்து கிளம்பி மிதவைக்கு வருகிறது. அந்த அம்பு தினமும் காலை ஆறரைக்கு ஐஸ் கம்பெனியிலிருந்து மீன்பாடி வண்டியில் வருகிறது என்பது எனக்கும் நம்புவேலுக்கும் மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர் கொஞ்சம் குறைவதற்கு அவர் நிலாவைக் காரணம் காட்டியிருக்கிறார். ஞாயிறு மரைக்காயர் கம்பெனியில் வேலை பாதி நேரம்தான், கட்டி சின்னதாக வரும்.

நன்றி தெரிவிக்கும் இடத்தில் என் பெயரும் இருக்கிறது.

மே 15

இருபத்தாறாம் நாள். அலுவலகத்துக்கு 29.1. கடல் 32.9.

மே 18

இன்று போனில் ஒரு செய்தி வந்தது.

கரையில் தலைமையகத்தின் வளர்ப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. பல தீவுகளிலிருந்து எடுத்த பவளத் துண்டுகளை அங்கே வளர்க்கிறார்கள். இந்தக் கோடையில் கடலில் வைத்திருந்தவை எல்லாம் போய்விட்டன. தொட்டியில் மிஞ்சியிருப்பது அறுநூற்று நாற்பது துண்டு. அவற்றைக் காப்பாற்ற ஒரே வழியாகத் தலைமையகம் கண்டுபிடித்திருப்பது, குளிர் புகலிடமான கொக்குத்தீவில், ஏழாம் எண் மிதவைக்கு அடியில், கொண்டுவந்து நடுவது. தேதி ஜூன் 1. கரையில் பந்தல் போட்டு இயக்குநர் நேரடித் திரையில் பார்ப்பார். சாரங்கன் சார் படகில் வருவார். பாசி எடுக்கும் பெண்களில் நன்றாக முங்கத் தெரிந்தவரை நடவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 1 எனக்கு நாற்பத்து மூன்றாம் நாள்.

மே 19

யோசித்துப் பார்த்தேன். பவளம் என்பது உறுதியான பிராணி. கோடி வருடமாக இருக்கிறது என்கிறார்கள். எதையெதையோ தாங்கியிருக்கும்.

மே 20

தாங்காது. கையேட்டிலேயே போட்டிருக்கிறது, பக்கம் 31.

மே 24

முப்பத்தைந்தாம் நாள். பெட்டியைத் திறந்தால் சென்ஸார் இருக்கும் டின்னுக்குப் பக்கத்தில் இரண்டு விளைமீன் படுத்திருக்கிறது. எப்படியும் ஐஸ் வீணாகத்தானே போகிறது சார் என்று நம்புவேல் நேற்று வைத்தாராம். அவரைத் திட்டினேன். அரசாங்கக் கருவியில் மீன் வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டேன். அவர் பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் மேற்கொண்டு திட்டவில்லை.

மே 26

நடவுக்கு ராக்கக்காவைக் கேட்டேன். எங்கிருந்து எங்கே கொண்டுவருகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"வெந்துபோன வீட்டுக்கா சார் குடி வைக்கப் போறீங்க?"

தலைமையகத்து முடிவு என்றேன். உயிரோடு இருப்பதை எடுத்துவந்து கொல்லுகிற கைவேலை எனக்கு வேண்டாம் என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். வேறு யாராவது கண்டபடி பிடித்து ஒடித்துவிடுவார்கள், நானே வருகிறேன் என்றார்.

மே 28

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து சாரங்கன் சாரைக் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். போன வாரம் கருத்தரங்கில் கட்டுரையை வாசித்தாராம். இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அவர் வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டது இதுதான் முதல்முறையாம். கேள்வி கேட்டவர் பெயர், ஊர், என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை சொன்னார். கடைசியில், "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே பாண்டி" என்றார்.

நாலு பேருக்கு உயிர்காப்புச் சட்டை வாங்க அளவு அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். அனுப்புங்கள் என்றார்.

நான் கோழை. இதை இந்த நோட்டிலாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

மே 30

கணக்கு இதுதான். நான் ஒரு நாள் ஐஸ் வைக்காவிட்டால் மிதவை சிவப்பு. சிவப்பென்றால் விதி 14. விதி 14 என்றால் நடவு கிடையாது, அறுநூற்று நாற்பதும் தொட்டியிலேயே பிழைக்கும். எனக்கு நாற்பத்தொன்றிலிருந்து மறுபடி பூஜ்யம். ஜூன் 5-க்குள் இன்னொரு நாற்பத்தைந்து நாளுக்கு இடமில்லை. வாழ்நாள் முழுக்க ஒப்பந்தம்.

இன்று காலை ஆறரைக்கு ஐஸ் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று படுத்தே கிடந்தேன். ஆறே முக்காலுக்குப் போய்விட்டேன்.

மே 31

நாற்பத்திரண்டு. நேற்றுப் போனவன் நிற்கவில்லை, இன்றும் போனேன். கற்பகவல்லி சிவன் கோயிலில் நெய்விளக்குப் போட்டாளாம். இன்னும் மூன்று கட்டம் என்றாள்.

ஜூன் 1

காலையில் ஐஸ் வைத்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று காலை ஏழே காலுக்குக்கூட ஐஸ் வைத்தேன்.

பத்து மணிக்கு இரண்டு படகுகள் மிதவைக்கு வந்தன. ஒன்றில் நான், நம்புவேல், ராக்கக்கா, புதுச் சட்டையில் சாரங்கன் சார். இன்னொன்றில் தொட்டிக்காரர்கள் இரண்டு பேர், பவளத் துண்டுகள் உள்ள பிளாஸ்டிக் தொட்டிகள். வழியில் சூடாகிவிடக் கூடாது என்று தொட்டிகளின் தண்ணீரில் ஐஸ் பாக்கெட் மிதக்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் ஐஸ்தான் போடுகிறோம்.

சாரங்கன் சார் கையில் திரை. 29.0, பச்சை. கரையில் இயக்குநரின் பெரிய திரையிலும் அதே பச்சை. அவர் போனில் நல்ல நேரம் பத்தரை முதல் என்று சொல்லிவிட்டார். சாரங்கன் சார் கடலைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கக் கூடாது. ஒன்பது வருடமாக நானும் கடலைப் பார்த்ததில்லை.

ராக்கக்கா முதலில் இடம் பார்க்க முங்கினார். மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் அளவுதான் இருக்கும். புளியம்பழ நிறம். நுனியில் மட்டும் கொஞ்சம் நீலம். மேலெல்லாம் பிசுபிசுவென்று ஈரம்.

"உசுரோட இருக்கு சார்," என்றார். "நீங்க சொன்னா நட்டுறேன்."

சாரங்கன் சார் நடுங்கள் நடுங்கள், நேரமாகிறது என்றார். ராக்கக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

துண்டைத் தொட்டியில் திரும்ப விட்டேன். மணி பத்து ஐந்து. மிதவை அரை மணிக்கு ஒரு முறைதான் எண் அனுப்பும். சட்டத்தில் ஏறி, தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தேன். சென்ஸாரை டின்னிலிருந்து உருவி, கேபிளைக் கடலுக்குள் மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். பிறகு சாக்கு, மரத்தூள், டின் ஒவ்வொன்றாக எடுத்துப் படகில் போட்டேன். கடைசியில் ஐஸ் கட்டி. அதோடு ஒரு விளைமீன். நம்புவேல் திருந்தவில்லை.

சாரங்கன் சார் எழுந்து நின்றார். படகு ஆடியது. ஐஸைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த நீல அம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

"மூடிடுங்க பாண்டி," என்றார் மெதுவாக. "மத்தியானம் பேசிக்கலாம்."

"தண்ணியில கைய விட்டுப் பாருங்க சார்," என்றேன்.

விடவில்லை. நான் ஐஸ் கட்டியைக் கடலில் தள்ளினேன். அது ஒரு முறை முங்கி எழுந்து, வெயிலில் பளபளவென்று எங்கள் இரண்டு படகுக்கும் நடுவில் மிதந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். பலகை அளவு இருந்தது செங்கல் அளவானது, பிறகு சோப்பு அளவானது. நம்புவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு நிமிஷம் என்றார். அப்போதுதான் சாரங்கன் சார் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டார். விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

பத்தரைக்குத் திரை சிவப்பானது. 33.0.

அரை நிமிடத்தில் இயக்குநர் கரையிலிருந்து கூப்பிட்டார். குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மிதவை பழுதாகிவிட்டது, விதி 14, நடவை உடனே நிறுத்துங்கள், ஒரு துண்டுகூடத் தண்ணீரில் இறங்கக் கூடாது. சாரங்கன் சார், "ஆமா சார், பழுதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, தொட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கை காட்டினார். அவர் கை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அறுநூற்று நாற்பதும் வந்த வழியே போயின. மீனை ராக்கக்கா எடுத்துக்கொண்டார்.

ஜூன் 2

கற்பகவல்லியிடம் சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் வைத்தீர்களா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு வெகுநேரம் சிரித்தாள், நடுவில் எங்கேயோ அது அழுகையாகிவிட்டது. காலண்டரைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றாள். வைத்திரு என்றேன்.

பழுது அறிக்கை அனுப்ப வேண்டும். படிவத்தில் முதல் கட்டம்: பழுதான பாகம். சென்ஸார் என்று எழுதிப் பழகிய கை. இன்று கடல் என்று எழுதினேன். இரண்டாம் கட்டம்: பழுதின் தன்மை. சூடு என்று எழுதினேன். ஐஸ் விவரத்தைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்தேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும்.

ஜூன் 9

தலைமையகத்தின் பதில் வந்தது. ஐஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தனித்தாள் எந்தக் கோப்பிலும் சேராததால் திருப்பி அனுப்பப்படுகிறதாம். அறிக்கை குறித்து ஒரு குறைபாடு மட்டும் சுட்டியிருக்கிறார்கள்: "பழுதான பாகமாகத் தாங்கள் குறிப்பிட்டுள்ள 'கடல்' என்பதன் பாக எண் தரப்படவில்லை. பாக எண்ணும் உதிரிக் கையிருப்பும் குறிப்பிட்டு மறுபடி அனுப்பவும்."

உறைக்குள் இன்னொரு சின்னச் சீட்டு. சாரங்கன் சார் கையெழுத்து. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன், தினமும் இரண்டாவது எண்ணை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இருந்தால் அனுப்புங்கள் என்று இருந்தது. எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நாற்பத்து மூன்று நாள் எண்ணையும் அழகாகப் படியெடுத்து அனுப்பினேன்.

ஜூன் 11

32.8. எண் ஒன்றுதான்.

நான் கேட்பதற்கு முன் ராக்கக்கா கண்ணாடியை நீட்டினார். வெட்டு ஆறிவிட்டது, மூக்கும் அடைக்கவில்லை. நம்புவேல் என் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலையை உள்ளே விட்டேன்.

எங்கும் வெள்ளை. மிதவையின் சங்கிலி கீழே போகப்போகத் துருநிறம், அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. சில இடங்களில் வெள்ளையும் போய்ப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அது செத்தது என்று எனக்கே தெரிந்தது. அதற்கு நடுவில் ஒரு சின்ன மீன், நீலமாக, ஒரு வெள்ளைக் கிளையை விட்டு நகராமல் சுற்றிச்சுற்றி வந்தது. மூச்சு முட்டும்வரை பார்த்தேன்.

"பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் ராக்கக்கா.

பார்த்தேன் என்றேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அது கடல் தண்ணீர் இல்லை.

அறைக்கு வந்து படிவத்தை எடுத்தேன். பாக எண்: 1. உதிரிக் கையிருப்பு: இல்லை. தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, நாளையிலிருந்து நீச்சல் சொல்லித் தர ராக்கக்காவிடம் கேட்டு வைத்தேன்.